வேகத்துக்குப் பூட்டு

மும்பையின் தாராவியில் அரசு லாட்டரிச் சீட்டு வாங்குவது குற்றமில்லை. மட்கா என்னும் எண் பந்தயம் கட்டுவது குற்றம். இரண்டும் அதிர்ஷ்டத்தை நம்பும் ஆட்டங்களே. ஒன்றை அரசே நடத்துகிறது, மற்றதைத் தடுக்கிறது. இதன் நியாயத்தை ஒரு சிறிய கணக்கில் காணலாம்.

நியூயார்க் பருத்தி விலைமேல் கட்டிய பந்தயத்திலிருந்து 1960களில் பம்பாயில் வளர்ந்தது மட்கா. சீட்டுக்கட்டிலிருந்து மூன்று சீட்டுகளை உருவி எண்களைக் கூட்டினால் வரும் கடைசி இலக்கம் ‘ஓப்பன்’. மறுபடி உருவினால் ‘க்ளோஸ்’. மில் தொழிலாளர்களின் கூலி அதில் கரைந்தது. மக்களை அதிலிருந்து திருப்பவும், நலப்பணிக்கு நிதி திரட்டவும் மகாராஷ்டிர அரசு 1969இல் லாட்டரி தொடங்கியது.

மட்காவில் கட்டிய ஒற்றை இலக்கம் விழும் வாய்ப்பு பத்தில் ஒன்று. கிடைப்பதோ ஒன்றுக்கு ஒன்பது. ஆக, 100 ரூபாய் கட்டினால் சராசரியாக 90 திரும்பும். தாராளமான ஆட்டம்தான்! ஆனால் வந்ததை மீண்டும் கட்டினால் 81, அடுத்து 73. நாளுக்கு இரண்டு வீதம் ஆறு நாளில் 12 சுற்று ஓடினால் மிஞ்சுவது சராசரியாக 28 ரூபாய். வாரம் ஒரே குலுக்கல் உள்ள லாட்டரி பாதிப் பணத்தையே பரிசாகத் தந்தாலும் 50 மிஞ்சும். ஏழையின் பையைக் காலியாக்குவது ஆட்டத்தின் கஞ்சத்தனத்தைவிட அதன் வேகம்தான்.

1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் இந்த வேகத்தைத்தான் பூட்டுகிறது. ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலே. பெரும்பரிசுக்கான பம்பர் குலுக்கல் ஆண்டுக்கு ஆறுக்குமேல் கூடாது. குலுக்கலை மாநில அரசே தன் எல்லைக்குள் நடத்த வேண்டும். விற்பனைப் பணம் அரசின் பொதுக் கணக்கில் சேர வேண்டும். கேட்பாரற்ற பரிசும் அரசுக்கே.

ஆனால் பூட்டில் ஓர் இடைவெளி உண்டு. வாரம் ஒரு குலுக்கல் என்பது ஒவ்வொரு லாட்டரிக்கும் தனித்தனி வரம்பு. வெவ்வேறு பெயர்களில் ஏழு லாட்டரி நடத்தினால் நாள்தோறும் குலுக்கல்தான். கேரளத்தில் அப்படியே நடக்கிறது. திரண்ட பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்றும் இச்சட்டம் விதிக்கவில்லை. அதற்கும் கேரளமே ஒரு வழி காட்டியது: 2011இல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருவாயை ஏழைகளின் புற்றுநோய், இதய, சிறுநீரகச் சிகிச்சைக்கு ஒதுக்கியது.

தமிழ்நாடு 2003இல் லாட்டரிக்கே தடை விதித்தது. ஆனால் லாட்டரியை நடத்தும் மாநிலங்களுக்கு இரட்டைக் கடமை உண்டு: பணம் போகுமிடத்தைச் சீட்டிலேயே அச்சிட வேண்டும், ஒருவர் வாரத்தில் எத்தனை முறை இழக்க நேர்கிறது என்பதையும் எண்ண வேண்டும். சிகிச்சைக்குக் கொடுக்கும் கை, அன்றாடக் கூலியைப் பறிக்கும் கையாகவும் இருந்தால் அது அறம் ஆகாது.