கிராஃப் தாளில் தொடங்கும் பாடம்

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே டிராகனைப் பறக்கவிட ஆசை. நான் கொடுப்பது கிராஃப் தாளும் பென்சிலும்தான். "(0,0)-லிருந்து (5,2)-க்குக் கோடு போடுங்கள். ஆனால் கட்டங்களை மட்டுமே நிரப்பலாம்."

திரை முழுக்கக் கட்டங்கள்தானே. சாய்கோட்டுக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு அடியிலும் அதே வரிசையில் நகர்வதா, ஒரு படி ஏறுவதா? 1962-இல் ஐபிஎம்மில் ஜாக் பிரெசன்ஹாம் கண்ட வழியில் பின்னம் இல்லை, வகுத்தல் இல்லை. முழு எண்களின் கூட்டலும் கழித்தலும் போதும். உயரங்கள் 0, 0, 1, 1, 2, 2 என்று வந்து விழும். கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களுக்குத் திரை அதற்குப் பிறகு மந்திரமாகத் தெரியாது.

அடுத்து ஒளி. புய் துவாங் ஃபோங்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் நடத்துவதில்லை. வியட்நாமில் பிறந்தவர், 1973-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரு பொருளின் தோற்றத்தைச் சூழல் ஒளி, பரவல் ஒளி, பளபளப்பு என்ற மூன்றின் கூட்டலாக எழுதிக் காட்டினார். 1975-இல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். அவர் சமன்பாட்டில் பளபளப்பின் அடுக்கெண்ணை 5-லிருந்து 50-க்கு ஏற்றிப் பாருங்கள்: பந்தின் மேலிருக்கும் வெள்ளைப் பொட்டு சுருங்கிக் கூர்மையாகும், மங்கலான பந்து கண்ணெதிரே மெருகேறிவிடும்.