புயலும் புகலிடமும்

1970 நவம்பர் 12ஆம் நாள் இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் சூழ்ந்திருந்த கழிமுக நிலங்களையும் கடல் மூழ்கடித்தது. மாண்டோர் மூன்று இலட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. வங்காள விரிகுடாவின் வடமுனை புனல் போல் குறுகியது, ஆழமும் குறைந்தது. காற்று உந்திவரும் நீர் பரவ இடமின்றி உயர்ந்தெழுந்து தாழ்நிலத்தில் பாய்கிறது. அங்கே காற்றைவிட நீரே அதிக உயிர்களைக் கொள்கிறது.

வங்கதேசம் தனிநாடான பின், 1972இல் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கப்பெற்றது. செம்பிறைச் சங்கத் தொண்டர்கள் ஊர்தோறும் ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். அபாயம் மிக மிகக் கொடிகள் ஒன்று, இரண்டு, மூன்று என ஏறின. பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் இப்பணியில் பங்குகொண்டன. தூண்களின்மீது உயர்த்திக் கட்டிய புகலிடங்கள் மற்ற நாள்களில் பள்ளிக்கூடங்களாயின.

ஆயினும், 1991 ஏப்ரல் 29இல் சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். எச்சரிக்கையைக் கேட்டும் பலர் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. ஏன்? புகலிடங்கள் போதவில்லை என்பது ஒரு காரணம். கால்நடைகளைக் கைவிட மனமின்மையும், திருட்டு அச்சமும் வேறு காரணங்கள். பெண்களோ, வெளியே சென்ற ஆண்கள் திரும்புவரெனக் காத்திருந்தனர். அந்நிய ஆடவர் நெரிசலில் ஒதுங்க இடமின்றித் தங்கவும் நாணினர். மாண்டோரில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி.

இங்கே பர்தாவைப் பழித்துப் பயனில்லை. அதற்கு இடம் வைக்காத கட்டடமே குறையுடையது என்பது நம் கருத்து. இக்குறையை அந்நாடு படிப்படியாகக் களைய முற்பட்டது. பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பிடமும் கொண்ட புகலிடங்கள் எழுந்தன. பெண் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்றனர்; இன்று தொண்டர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்களே. கால்நடைகளுக்கு மண்மேடுகள் உயர்த்தப்பட்டன. அவற்றின் பெயர் 'கில்லா'. கோட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. 2007இல் சித்ர் புயல் ஏறத்தாழ 3,400 உயிர்களைக் கொண்டது. 2020இல் அம்பன் வருமுன் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்புறப்படுத்தப்பட்டனர். அந்நாட்டில் உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கிற்று.

அதே விரிகுடாவின் கரையில்தான் நாகையும் அதிராம்பட்டினமும் உள்ளன. 2018 நவம்பரில் கஜா புயலை அவை கண்டன. ஜமாஅத்துகள் இப்போதே செய்யத்தக்கவை அரியன அல்ல. முதியோர், நோயாளர், கருவுற்றோர் இல்லங்களைப் பட்டியலிடலாம். யாரை யார் அழைத்துவருவது என முடிவு செய்யலாம். பள்ளிவாசல் மண்டபத்தில் பெண்களுக்கு மறைவிடம் அமைக்கலாம். ஆடவர் ஊரில் இல்லாவிடினும் பெண்கள் புறப்பட வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே பேசி வைத்தல் வேண்டும். தவக்குல் என்பது ஆயத்தத்திற்குப் பின் வருவது, அதற்கு மாற்றன்று.