ஆறாம் தரத்தில் தவறும் ஊசி

இலங்கையின் தேசிய நோய்த்தடுப்புத் திட்டம் 1978 இல் தொடங்கியது. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. முதல் ஐந்து வயதுவரை வரும் ஊசிகள் எல்லாம் தோட்டத்துத் தாய்மாருக்கு மனப்பாடம். கிளினிக் நாள் எது, எந்த ஊசிக்குக் காய்ச்சல் வரும் என்பதெல்லாம் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்குப் பிறகு, பிள்ளை கட்டிளமைப் பருவத்தில் கால் வைக்கும்போது வரும் ஊசிகளைப் பற்றித்தான் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. அவற்றைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும் என்பது பொதுவான நம்பிக்கை. பெரும்பாலும் அது பொய்க்காத நம்பிக்கைதான். பொய்க்கும் இடங்கள் எவை என்று பார்ப்பதே பதுளை போன்ற மாவட்டத்தில் முக்கியமான வேலை.

இந்த வயதில் இரண்டு தடுப்பூசிகள் முக்கியமானவை. ஒன்று, எச்.பி.வி. வைரசுக்கு எதிரானது. 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸாக இதைப் போடும் திட்டம் அறிமுகமானது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 வீதத்துக்குக் காரணமான 16, 18 ஆகிய இரு வகை வைரசுகளை இது தடுக்கிறது. வைரசு உடலில் புகுந்த பின் இந்த ஊசியால் அதை விரட்ட முடியாது என்பதால்தான் இவ்வளவு இளவயதில் போடப்படுகிறது. மற்றது, ஏற்புவலிக்கும் தொண்டைக் கரப்பானுக்கும் எதிரான ஊசி. தரம் 7 இல் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் உரியது. கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் அன்றாடம் புழங்கும் தோட்டத்தில் காயம்படாத கை குறைவு. ஏற்புவலிக் கிருமியோ மண்ணிலேயே இருக்கிறது.

ஊசி போடும் பொறுப்பு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடையது. பதுளை, ஹாலி-எல, பசறை, லுணுகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, வெலிமடை என ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு பணிமனை உண்டு. அதன்கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைகளையும், குடும்பநல உத்தியோகத்தர் வீடுகளையும் கிளினிக்குகளையும் கவனிக்கின்றனர். தோட்டங்களில் இதற்குப் பக்கத்திலேயே இன்னோர் ஏற்பாடும் உண்டு: பெருந்தோட்டக் கம்பனியின் டிஸ்பென்சரி, அங்குள்ள வைத்திய உதவியாளர், பிள்ளைக் காம்பரா. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்துச் சுகாதாரம் தோட்டத்தின் பொறுப்பாகவே இருந்ததன் மிச்சம் இது. இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் எந்தப் பிள்ளையும் விடுபடாது. பேசாத இடத்தில்தான் சிக்கல்.

2012 குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்டத்தின் மக்கள் தொகை 8 இலட்சத்து 15 ஆயிரம். அதில் மலையகத் தமிழர் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கினர். தோட்டத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஐந்தாம் தரத்தோடு படிப்பு முடிகிறது. பிள்ளை ஆறாம் தரத்துக்கு வேறு பாடசாலைக்குப் போக வேண்டும். மடுல்சீமையிலோ நமுணுகுலையிலோ மேல் டிவிசனில் இருக்கும் பிள்ளைக்கு அது பஸ் ஏறிப் போகும் தூரம். சிலர் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கப் போகின்றனர். சிலருக்குப் படிப்பு அத்தோடு தடைப்படுகிறது. எச்.பி.வி. ஊசி சரியாக இந்த ஆறாம் தரத்தில் வந்து நிற்கிறது. பழைய பாடசாலையின் பட்டியலில் இருந்து பெயர் போய்விட்டது, புதிய பாடசாலையின் பட்டியலில் இன்னும் ஏறவில்லை என்ற இடைவெளியில் விழும் பெண் பிள்ளை யாருடைய கணக்கிலும் இல்லை. வகுப்பில் இருந்த முப்பது பேருக்கும் ஊசி போட்டால் நூறு வீதம் என்று அறிக்கை சொல்லும். வகுப்புக்கே வராத பிள்ளை அந்த நூறில் அடங்கமாட்டாள்.

ஆகவே கிளினிக்கைத் திருத்துவது என்றால் முதலில் பட்டியலைத் திருத்துவதுதான். புதுக் கட்டடமோ புதுக் கருவியோ அதற்குப் பிறகு வரட்டும். ஐந்தாம் தரத்தை முடித்த பிள்ளைகளின் பெயர்களைத் தோட்டப் பாடசாலையில் இருந்து வருடக் கடைசியில் வாங்கி, அடுத்த வருடம் தரம் 6 பதிவேட்டோடு ஒப்பிட்டால் யார் எங்கே போனார் என்பது தெரியும். எஞ்சும் பெயர்களைக் குடும்பநல உத்தியோகத்தர் தன் வீட்டுத் தரிசிப்பில் தேடலாம். பணிமனையில் மாதந்தோறும் கூடும் கூட்டத்தில் எத்தனை ஊசி போட்டோம் என்ற எண்ணிக்கையோடு, யார் விடுபட்டார் என்ற பெயர்களையும் வாசிக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே கிடையாது.

அடுத்தது நேரம். ஊசி நாளில் பாடசாலைக்கு வராத பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்து வரும்படி அம்மாவிடம் சொல்வது எளிது. வார நாளில் காலை கிளினிக் என்றால் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது முழு நாள் சம்பளம், போய்விடும். தப்பினால் அரைப்பேர் கிடைக்கும். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து போடுவது அவளுக்கு இலவச ஊசி ஆகாது. தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பிள்ளைக் காம்பராவிலோ கொழுந்து நிறுக்கும் வேலை முடிந்த பின் மாலை கிளினிக் வைத்தால் இந்தத் தடை பெரும்பாலும் நீங்கும். தோட்டத் துரையின் ஒத்துழைப்பு மட்டும் தேவை.

மொழியும் ஒரு தடைதான். பெற்றோருக்கு அனுப்பும் அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வந்தால் அது புத்தகப் பையிலேயே கிடக்கும். தமிழில் வந்தாலும் 'கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்' என்ற சொல்லைக் கண்டு, பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு, நாளைக்குப் பிள்ளைப்பேறு இல்லாமல் போகுமா என்ற சந்தேகம் எழும். கருத்தடைத் திட்டங்களின் கசப்பான நினைவு தோட்டங்களில் உண்டு என்பதால் இந்தச் சந்தேகத்தை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. ஊசிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தொடர்பில்லை என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் தமிழில், நேரில், கேள்விக்கு இடம் கொடுத்துச் சொன்னால்தான் எடுபடும்.

ஊசி போடும் நாளிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. இந்த வயதுப் பிள்ளைகள் மயங்கி விழுவது சாதாரணம். பெரும்பாலும் அது மருந்தால் வருவதல்ல, பயத்தாலும் வெறும் வயிற்றாலும் வருவது. விடியற்காலையில் தேத்தண்ணீரோடு புறப்பட்டு வந்த பிள்ளைக்கு முதலில் சாப்பாடு கொடுத்து, உட்கார வைத்துப் போட்டு, 15 நிமிடமாவது அங்கேயே இருக்க வைக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கும்படி போட்டால் ஒருத்தி விழுவதைக் கண்டு பத்துப் பேர் விழுவார்கள். மிக அரிதாக வரும் கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கட்டாயம்.

மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். வெப்பத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகின்றனர். இந்த இரண்டு ஊசிகளையும் கெடுப்பதில் உறைநிலை அதைவிட மோசம். ஒருமுறை உறைந்தால் மருந்து பயனற்றது, பார்வைக்கு அது தெரியாமலும் போகலாம். எனவே உறையறையில் இருந்து எடுத்த ஐஸ் பையை உடனே மருந்துப் பெட்டிக்குள் வைக்காமல், ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருப்பது நடைமுறை.

கடைசியாகப் பதிவு. ஒரு பெண் பிள்ளைக்குப் போட்ட தரம் 7 ஊசி சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பெண் பிற்காலத்தில் கர்ப்பிணியாகக் கிளினிக்குக்கு வரும்போது ஏற்புவலி ஊசி எத்தனை தேவை என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். புத்தகம் தொலைந்திருந்தால் ஆரம்பத்தில் இருந்து போட வேண்டியதாகிறது.

எச்.பி.வி. இரண்டாவது டோஸ் பிந்தினாலும் முதல் டோஸ் வீணாகாது. மீண்டும் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை. 2022 இல் உலக சுகாதார ஸ்தாபனம் 9 முதல் 20 வயதுவரையான பெண்களுக்கு ஒரு டோஸையும் மாற்றுத் தெரிவாக ஏற்றுக்கொண்டது. ஒரு டோஸ்கூடக் கிடைக்காத பிள்ளைதான் இப்போது முதற்கவலை. தரம் 6 இலோ 7 இலோ ஊசி நாளில் வீட்டில் நின்ற பிள்ளை உங்கள் லயத்தில் இருந்தால், பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடமோ பக்கத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். அரசு கிளினிக்கில் இந்த ஊசிகளுக்குக் கட்டணம் இல்லை.