'இஃப்' வரும் இடமெல்லாம் ஒரே பொருளா?

 

கல்வி உதவித்தொகை, வேலை, வங்கிக் கடன் என்று வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நம் பிள்ளைகள் எடுத்து வரும்போது ஒன்றைக் கவனிக்கிறோம். சொற்களுக்குப் பொருள் தெரிகிறது. 'இஃப்' வரும் வாக்கியத்தில்தான் தடுமாறுகிறார்கள். வாய்ப்பு இன்னும் இருக்கிறதா, கைநழுவிப் போய்விட்டதா என்பதை அங்கே வினைச்சொல்தான் காட்டும். அதில் மூன்று நிலைகள் உண்டு.

1. நடக்கக்கூடியது: "இஃப் யூ அப்ளை, யூ வில் கெட் இட்." விண்ணப்பித்தால் கிடைக்கும். கதவு திறந்திருக்கிறது. "இஃப் யூ வில் அப்ளை" என்று எழுதுவது தவறு.

2. இப்போது இல்லாதது: "இஃப் ஐ ஹேட் எ லேப்டாப், ஐ வுட் ஸ்டடி அட் ஹோம்." 'ஹேட்' இறந்தகாலம் ஆயிற்றே, முன்பு லேப்டாப் இருந்ததோ என்று எண்ணிவிடக் கூடாது. இன்று இல்லை, இருந்தால் படிப்பேன் என்பதே பொருள். தமிழிலும் 'நாளை வந்தால்' என்கிறோம். அதற்குள் 'வந்த' என்ற இறந்தகால உருவம் இருந்தும் யாரும் நேற்று என்று கொள்வதில்லை. மதரஸாவில் அரபு இலக்கணம் படித்தவர்கள், நடவாததைச் சொல்லும் 'லவ்' என்ற சொல்லுக்குப் பின் இறந்தகால வினை வருவதை நினைத்துக்கொள்ளலாம்.

3. முடிந்துபோனது: "இஃப் யூ ஹேட் அப்ளைட், யூ வுட் ஹேவ் காட் இட்." விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கும், இனி இல்லை. அலுவலகக் கடிதங்களில் 'இஃப்' மறைந்து "ஹேட் யூ அப்ளைட்" என்றும் தொடங்கும். அது கேள்வி அல்ல. அதுபோலவே "ஷுட் யூ நீட் ஹெல்ப்" என்றால், உதவி தேவைப்பட்டால் என்று பொருள்.

இதனோடு சேர்ந்ததுதான் 'சப்ஜங்டிவ்'. "இஃப் ஐ வேர் யூ" என்பதில் 'வாஸ்' வராமல் 'வேர்' வருவதைப் பாருங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்பது வெறும் கற்பனை. "த கமிட்டி ரெக்கமண்ட்ஸ் தட் ஷி ரிசீவ் த அமௌண்ட்" என்று வந்தால் 'ரிசீவ்ஸ்' என்று திருத்த வேண்டாம். இது பரிந்துரை மட்டுமே. பணம் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. இதை அறியாமல் செலவுக்குத் திட்டமிட்டால் சிரமம் நமக்குத்தான்.

பயிற்சி எளிது. மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் போதும். மழை, தேர்வு, பயணம் என ஏதாவது ஒன்றை எடுத்து மூன்று நிலைகளிலும் பிள்ளைகள் சொல்லட்டும்:

"இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் ஸ்டே."
"இஃப் இட் ரெயின்ட், வீ வுட் ஸ்டே."
"இஃப் இட் ஹேட் ரெயின்ட், வீ வுட் ஹேவ் ஸ்டேய்ட்."

ஆங்கிலம் அறியாத தாய்மாரும் உதவலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "இது நடக்கக்கூடியதா, வெறும் கற்பனையா, முடிந்துபோனதா?" என்று கேளுங்கள். பிள்ளை தயங்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டால், அடுத்த கடிதத்தை இன்ஷா அல்லாஹ் தானே வாசித்துப் பொருள் சொல்லும்.