'எப்படியாவது ஆறுக்குள்' இந்த முறை செல்லாது

ஏழரை மணி ஆட்டத்துக்கு ஐயப்பன்தாங்கல் டிப்போவில் நாலரைக்கே பஸ் ஏறிவிட வேண்டும். போரூர், வளசரவாக்கம், வடபழனி என்று ஊர்ந்து சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் நேரு ஸ்டேடியத்துக்கு நடந்து போவதற்குள் பாதித் தெம்பு போய்விடும். ஒருமுறை என் நீல ஜெர்சியைப் பார்த்த கண்டக்டர், "இன்னா தம்பி, மும்பைக்காரனா?" என்று கேட்டார். கிரிக்கெட் மஞ்சளைத் தவிர வேறு நிறம் தெரியாத ஊரில் சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ரசிகனாக இருப்பதன் சிரமம் இது.

அந்த ரசிகனுக்கு ஆட்டமில்லாத மாதங்கள்தான் உண்மையில் சுகமான மாதங்கள். தோற்க வாய்ப்பே இல்லை அல்லவா! ஏப்ரல் வாக்கில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) முடியும். செப்டம்பர் வாக்கில் மறுபடி தொடங்கும். நடுவில் யார் வருகிறார், யார் போகிறார், கோச் யார், புது ஸ்ட்ரைக்கர் எந்த நாட்டுக்காரர் என்று பேசிப் பேசியே ஒரு அணியைக் கட்டி, கோப்பையையும் வாங்கிவிடலாம். 2025-ல் அந்தச் சுகமும் போனது. 'டீம் எப்படி?' என்ற கேள்வி போய், 'லீக் நடக்குமா?' என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

காரணம் மைதானத்தில் இல்லை, ஓர் ஒப்பந்தத்தில் இருந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010-ல் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. அதன் வழிவந்த எஃப்எஸ்டிஎல்தான் 2014 முதல் ஐஎஸ்எல்லை நடத்தியது. ஒப்பந்தம் முடியும் நாள் 2025 டிசம்பர் 8. சீசனின் நடுவில் உரிமை காலாவதியானால் டிவி ஒளிபரப்பு யார் கையில், ஸ்பான்சர் பணம் யார் பையில்? சம்மேளனத்தின் விதிமுறை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புது ஒப்பந்தமும் போட முடியவில்லை. ஜூலை 11 அன்று, சீசனை நிறுத்தி வைப்பதாக எஃப்எஸ்டிஎல் சொல்லிவிட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி நிர்வாகமும் கிளப் பணிகளை நிறுத்தி வைத்தது. டிக்கெட்டும் ஜெர்சியும் விற்ற காசில் இங்கே எந்தக் கிளப்பும் பிழைப்பதில்லை. ஆட்டம் இல்லையென்றால் ஸ்பான்சர் இல்லை, ஸ்பான்சர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. பிறகு உரிமைக்காக டெண்டர் விட்டார்கள். நவம்பர் 7 கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. கடைசியில் 2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார்: 14 அணிகள், பிப்ரவரி 14 தொடக்கம்.

அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டு அட்டவணையைப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. மொத்தம் 91 ஆட்டம். ஒவ்வொரு அணியும் மற்ற 13 அணிகளை ஒரே ஒரு முறை சந்திக்கும், அவ்வளவுதான். முதல் ஆறு இடத்துக்கான பிளே-ஆஃப் கிடையாது. புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்பவரே சாம்பியன்.

மற்ற ஊர் ரசிகர்களுக்கு இது வெறும் ஏற்பாடு. நமக்கோ அடிமடியில் கை வைத்த மாதிரி. ஏனென்றால் சென்னையின் எஃப்சி பட்டியலில் முந்தி வென்ற அணியே அல்ல. எப்படியோ நுழைந்து, நுழைந்தபின் வென்ற அணி. 2015-ல் பத்து ஆட்டம் முடிந்தபோது கையில் பத்தே புள்ளி, இடம் கடைசி. அடுத்த நான்கையும் ஜெயித்து மூன்றாவதாக அரையிறுதிக்குள் புகுந்தது. டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்ததால் சொந்த மண் அரையிறுதியைப் புணேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என வீழ்த்தியது. கோவாவில் இறுதிப்போட்டி, 90-வது நிமிடம் நெருங்கும்போது 1-2 எனப் பின்தங்கியிருந்தது. எதிரணி கோல்கீப்பர் கட்டிமணியின் ஓன் கோல், அது அடங்குமுன் மெண்டோசாவின் கோல். 3-2. அன்று டிவி முன்னால் கத்தியவர்களுக்குத் தொண்டை சரியாக ஒரு வாரம் ஆனது.

2017-18-ல் லீக் கட்டத்தில் பெங்களூரு 40 புள்ளி, நாம் 32. ஆனால் அவர்கள் ஊரிலேயே நடந்த இறுதியில் மைல்சன் ஆல்வெஸின் இரண்டு தலைமுட்டு கோல்களோடு 3-2 என வென்று கோப்பையை எடுத்து வந்தோம். 2019-20-ல் நான்காமிடத்திலிருந்து இறுதிக்கே போனோம். கொரோனாவால் காலியாகக் கிடந்த மைதானத்தில் ஏடிகேயிடம் தோற்றோம். பட்டியலில் நாம் முதலிடம் பிடித்தது ஒரே ஒரு வருடம், 2014. அந்த வருடம் அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ் நம்மை வெளியே அனுப்பியது. இப்போதைய விதி அன்று இருந்திருந்தால் 2014-ன் சாம்பியன் நாம்தான். 2015-ம் 2018-ம் நமக்கு இல்லை!

ஆகவே 'எப்படியாவது ஆறுக்குள் வந்துட்டா போதும் மச்சான், அப்புறம் பாத்துக்கலாம்' என்ற நம்முடைய பழைய கணக்கு இந்த முறை செல்லாது. அந்தக் கணக்கே சமீப காலமாகத் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. 2024-25 வரையிலான மூன்று சீசன்களிலும் சென்னையின் எஃப்சி எடுத்த புள்ளி ஒன்றே: 27, 27, 27. ஆனால் முதலில் 20 ஆட்டத்தில், பிறகு 22-ல், பிறகு 24-ல். இடம் எட்டு, ஆறு, பதினொன்று. நின்ற இடத்திலேயே நின்றோம், சுற்றியிருந்தவர்கள் நகர்ந்தார்கள்.

ஓவன் கோய்ல் போய், கோச்சாக கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார். இந்தியாவுக்கு ஆடிய கோவாக்காரர். 2023-ல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். வெளிநாட்டுக் கோச் என்றால்தான் மதிப்பு என்று நினைக்கும் ஊரில் எனக்கு இது பிடித்த முடிவு. ஆனால் 2025 அக்டோபரில் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பையைப் பார்த்தவர்கள் ஆசையை அளந்துதான் வைத்திருப்பார்கள். மோகன் பகானிடம் 0-2, ஈஸ்ட் பெங்காலிடம் 0-4, டெம்போவோடு 1-1. ஒரு வெற்றிகூட இல்லை. மாதக்கணக்கில் பயிற்சியே இல்லாத அணியிடம் வேறென்ன கேட்பது என்பது நியாயமான சமாதானம்; ஆனால் எல்லாக் கிளப்புக்கும் அதே கோடைதானே வந்தது?

13 ஆட்டத்தில் இரண்டு மூன்று தோல்வி அடுத்தடுத்து வந்தால் சீசன் முடிந்தது. 2015 போலப் பின்னால் எழுந்து ஓட இடமில்லை. எழுந்தாலும் போய்ச் சேர அரையிறுதி இல்லை. அதனால் நான் கோப்பையைப் பார்க்கப் போவதில்லை. முதல் நான்கு ஆட்டத்தில் எத்தனை கோல் வாங்குகிறோம் என்று பார்ப்பேன். இளம் ஸ்ட்ரைக்கர் இர்ஃபான் யாத்வாடுக்கு முழு நேரம் கிடைக்கிறதா என்று பார்ப்பேன். கேரளாவோடு இருப்பது ஒரே ஆட்டம். அதை ஜெயிக்கிறோமா என்று கட்டாயம் பார்ப்பேன்.

பட்டியலில் எட்டாவதுக்கு மேலே வந்தால் லாபம் என்பது என் கணிப்பு. சொந்த ஊர் ஆட்டம் ஆறோ ஏழோதான் வரும். கேலரியில் பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற நம் ரசிகர் குழுக்கள் கத்துவது பதினோரு பேருக்கும் கேட்கும். போரூர், பூந்தமல்லி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள், ஜன்னல் சீட் கிடைக்கும்.