பைப்ரோடிஸ்பிளேசியா ஆசிபிகன்ஸ் புரோகிரசிவா

பைப்ரோடிஸ்பிளேசியா ஆசிபிகன்ஸ் புரோகிரசிவா (சுருக்கமாக எஃப்.ஓ.பி.) என்பது தசைகள், தசைநாண்கள், இணைநார்கள் முதலிய மென்திசுக்கள் இருக்கும் இடத்தில் படிப்படியாக எலும்பு உருவாகும் ஓர் அரிய மரபணு நோய் ஆகும். இருபது இலட்சம் பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக நெடுங்காலம் கணக்கிடப்பட்டு வந்தது. பத்து இலட்சத்தில் ஒருவர் என்ற மதிப்பீடுகளும் உண்டு. இனம், நாடு, பால் ஆகிய வேறுபாடுகள் இதற்கு இல்லை.

இந்நோயில் தோன்றுவது வெறும் சுண்ணாம்புப் படிவு அன்று. கருவில் எலும்பு உருவாவதைப் போலவே முதலில் குருத்தெலும்பு தோன்றி, பின்னர் அது மஜ்ஜையுடன் கூடிய முழுமையான எலும்பாக மாறுகிறது. எலும்பில் குறை ஏதும் இல்லை. அது தோன்றும் இடமே தவறானது. இவ்வாறு ஓர் உறுப்புத் தொகுதியின் திசு முற்றிலும் வேறொரு திசுவாக மாறுவது மனித நோய்களில் மிக அரிது.

நோயின் போக்கு

குழந்தை பிறக்கும்போதே ஓர் அடையாளம் காணப்படுகிறது. இரு கால்களின் பெருவிரல்களும் குட்டையாக, மற்ற விரல்களை நோக்கி வளைந்திருக்கும். மற்றபடி குழந்தை இயல்பாகவே இருக்கும். பெரும்பாலும் பத்து வயதிற்குள் கழுத்து, முதுகு, தோள் ஆகிய இடங்களில் வலியுடன் கூடிய வீக்கங்கள் தோன்றத் தொடங்குகின்றன. சில வீக்கங்கள் தாமாகவே மறையும். மற்றவை சில வாரங்களிலோ மாதங்களிலோ எலும்பாகின்றன. மூட்டின் குறுக்கே எலும்புப் பாலம் அமைந்தால் அம்மூட்டு நிலையாக அசைவற்றுப் போகும். பொதுவாக இம்மாற்றம் முதுகுப்புறத்தில் தொடங்கி முன்புறத்திற்கும், மேலிருந்து கீழ்நோக்கியும் பரவுகிறது. இதயத் தசை, நாக்கு, உதரவிதானம், கண்ணை அசைக்கும் தசைகள் ஆகியவை மட்டும் பாதிக்கப்படுவதில்லை.

முப்பது வயதிற்குள் பெரும்பாலோருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது. மார்புக்கூடு விரிய இயலாமல் போவதால் ஏற்படும் மூச்சுக் கோளாறே இறப்பிற்கு முதன்மைக் காரணமாக அமைகிறது.

விழுதல், அடிபடுதல், தசையில் போடப்படும் ஊசி, சளிக்காய்ச்சல் போன்ற தொற்றுகள் என எதுவும் புதிய வீக்கத்தைத் தூண்டலாம். பல் மருத்துவர் கீழ்த்தாடையை மரக்கச் செய்யப் போடும் ஊசியால்கூடத் தாடை இறுகி, வாய் திறக்க முடியாமல் போகக்கூடும். உருவான எலும்பை அறுவைச் சிகிச்சையால் அகற்றினால், அந்தக் காயமே முன்னிலும் அதிகமான எலும்பை உருவாக்கிவிடும்.

தவறான நோயறிதல்

இந்நோயில் மருத்துவத்தால் நேரும் தீங்கு தனியே கூறப்பட வேண்டியது. குழந்தையின் கழுத்தில் திடீரெனத் தோன்றும் கட்டியைக் காணும் மருத்துவர் புற்றுநோயை ஐயுறுவது இயல்பே. எனவே சோதனைக்காகத் திசுவை வெட்டி எடுக்கிறார். அந்த வெட்டுக்காயமே எலும்பாக்கத்தைத் தூண்டுகிறது. 2005 ஆம் ஆண்டில் 138 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில் 87 விழுக்காட்டினருக்கு முதலில் தவறான நோய்ப்பெயரே கூறப்பட்டிருந்தது. 67 விழுக்காட்டினர் தேவையற்ற ஊடுருவு சிகிச்சைகளுக்கு உள்ளானார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் அதனால் அசைவை நிலையாக இழந்தனர். இத்தனைக்கும், கால் பெருவிரல்களைப் பார்ப்பதற்குக் கருவியும் தேவையில்லை, செலவும் இல்லை. கட்டியுள்ள குழந்தையின் காலணியைக் கழற்றிப் பார்ப்பதே மிக மலிவான சோதனை எனலாம். ஐயம் எழுந்தால் மரபணுச் சோதனை நோயை உறுதிப்படுத்தும். அதற்கு இரத்தமோ உமிழ்நீரோ போதும். கட்டியில் கைவைக்கத் தேவையில்லை.

ஆய்வு வரலாறு

இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஃப்ரீக், முதுகெங்கும் எலும்பு படர்ந்த சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதிய குறிப்பு 1740 ஆம் ஆண்டில் வெளியானது. பின்வந்த இரு நூற்றாண்டுகளில் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய விவரிப்புகள் சேர்ந்தனவே ஒழிய, காரணம் புலப்படவில்லை.

1965 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், கனிமம் நீக்கப்பட்ட எலும்புத் துண்டைத் தசையில் வைத்தால் அங்கே புதிய எலும்பு உருவாவதைக் காட்டினார். எலும்பாக்கத்தைத் தூண்டும் புரதங்கள் உள்ளன என்னும் கருத்து இதிலிருந்தே வளர்ந்தது.

பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹாரி ஈஸ்ட்லாக் (1933–1973) இந்நோயுடன் வாழ்ந்து, நாற்பது வயது நிறையுமுன் இறந்தார். இறுதிக் காலத்தில் அவரால் உதடுகளை மட்டுமே அசைக்க முடிந்தது. அவரது விருப்பப்படி ஆய்விற்கு வழங்கப்பட்ட எலும்புக்கூடு அந்நகரின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்ற எலும்புக்கூடுகளைக் கம்பியால் கோத்தே நிற்க வைக்க வேண்டும். ஆனால் இவருடைய எலும்புகளிற் பெரும்பகுதி ஒன்றோடொன்று இணைந்தே இருப்பது குறிப்பிடத்தக்கது.

அரிய நோய்களில் ஆய்வுக்கு முதல் தடை, நோயாளிகள் உலகெங்கும் சிதறிக் கிடப்பதாகும். இந்நோய் உள்ள ஜீனி பீப்பர், 1988 ஆம் ஆண்டில் பன்னாட்டு எஃப்.ஓ.பி. சங்கத்தைத் தொடங்கி, மடல்கள் வழியாக நோயாளிகளை ஒன்றிணைத்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிரெட்ரிக் கப்லான், ஐலீன் ஷோர் ஆகியோரின் குழு காரண மரபணுவைத் தேடியது. மரபணுவைத் தேட, நோய் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்ற குடும்பங்கள் வேண்டும். ஆனால் இந்நோய் உள்ளோரில் மிகச் சிலருக்கே குழந்தைகள் பிறக்கின்றன. பெரும்பாலோரிடம் இது புதிய திடீர்மாற்றமாகவே தோன்றுகிறது. அரிதாகக் கிடைத்த அத்தகைய குடும்பங்களைக் கொண்டே 2006 ஆம் ஆண்டு ஏப்ரலில் விடை காணப்பட்டது.

காரணம்

இரண்டாம் நிறப்புரியில் உள்ள ஏ.சி.வி.ஆர்.1 என்னும் மரபணு, உயிரணுவின் மேற்பரப்பில் அமையும் ஏற்பிப் புரதம் ஒன்றை உருவாக்குகிறது. எலும்பாக்கப் புரதங்களின் செய்தியை உயிரணுவிற்குள் கடத்துவது இதன் பணி. 509 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தில் 206 ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக ஹிஸ்டிடின் அமைகிறது. மரபணுவில் குவானின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் அடினின் இருப்பதே இதற்குக் காரணம். மனித மரபுத்தொகுதியின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளில் ஒன்றே ஒன்றுதான் பிழை! நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையோரிடம் இதே ஓரெழுத்து மாற்றமே காணப்படுகிறது. இம்மாற்றம் உள்ளவரின் குழந்தைக்கு அது கடத்தப்படும் வாய்ப்பு 50 விழுக்காடு.

மாறிய ஏற்பி சற்றே கூடுதல் முனைப்புடன் செயற்படுகிறது என்றே முதலில் எண்ணப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் அமெரிக்க ரீஜெனரான் நிறுவனத்தாரும், சப்பானிய ஆய்வாளர்களும் தனித்தனியே வேறொன்றைக் கண்டனர். அழற்சியின்போது வெளிப்படும் ஆக்டிவின் ஏ என்னும் புரதம் இயல்பான ஏற்பியுடன் சேர்ந்தால் எலும்பாக்கச் செய்தி எழுவதில்லை. மாறிய ஏற்பியோ அதையே “எலும்பை உருவாக்கு” என்னும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. எளிமையாகக் கூறின், விளக்கை அணைக்கும் பொத்தான் விளக்கை ஏற்றும் பொத்தானாக மாறிவிட்டது. அடிபட்டாலும் காய்ச்சல் வந்தாலும் ஏன் வீக்கம் தோன்றுகிறது என்பதற்கு இது பொருத்தமான விளக்கமாக அமைகிறது.

மருந்துகள்

வீக்கம் தோன்றிய உடனே சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மருந்து தருவது நெடுநாள் வழக்கம். இது அழற்சியைக் குறைக்குமே தவிர நோயை நிறுத்தாது.

குருத்தெலும்பு உருவாவதைத் தடுக்கும் பாலோவரோட்டீன் என்னும் மருந்துக்குக் கனடா 2022 ஆம் ஆண்டிலும், அமெரிக்கா 2023 ஆகஸ்டிலும் ஒப்புதல் அளித்தன. இந்நோய்க்கென ஒப்புதல் பெற்ற முதல் மருந்து இதுவே. ஐரோப்பிய ஒன்றியம் அதே 2023 ஆம் ஆண்டில் ஒப்புதலை மறுத்தது. வளரும் குழந்தைகளில் இம்மருந்து எலும்பின் வளர்ச்சித் தகடுகளைக் காலத்திற்கு முன்பே மூடிவிடக்கூடும். எனவே அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு 8 வயதிற்குப் பின்னரும், ஆண் குழந்தைகளுக்கு 10 வயதிற்குப் பின்னருமே இது அனுமதிக்கப்பட்டது. நோய் மிகுதியாகத் தாக்கும் இளம் வயதினரே இதனால் விடுபட்டுப் போகின்றனர் என்பது கவலைக்குரியது.

ஆக்டிவின் ஏ புரதத்தைத் தடுக்கும் கேரட்டோஸ்மாப் என்னும் எதிர்ப்பொருள் 44 பேரிடம் ஆய்வு செய்யப்பட்டது. புதிய எலும்புகள் தோன்றுவது குறைந்தது. எனினும் ஆய்வில் பங்கேற்ற ஐவர் இறந்தமையால் 2020 ஆம் ஆண்டில் மருந்து கொடுப்பது நிறுத்தி வைக்கப்பட்டது. இறப்புகளுக்கு மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. பின்னர் மூன்றாம் கட்ட ஆய்வு நடத்தப்பட்டது.

பிற நோய்களுடன் தொடர்பு

குழந்தைகளின் மூளைத்தண்டில் தோன்றும் கொடிய புற்றுக்கட்டி ஒன்றில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் இதே ஏ.சி.வி.ஆர்.1 மரபணுவின் திடீர்மாற்றங்கள் இருப்பது 2014 ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவற்றுள் 206 ஆம் இட மாற்றமும் ஒன்று. எஃப்.ஓ.பி. உள்ளோருக்கு இப்புற்றுநோய் மிகுதியாக வருவதாகத் தெரியவில்லை. ஆயினும், இந்த ஏற்பியைத் தடுப்பதற்கென உருவாக்கப்பட்ட சேர்மங்கள் இரு நோய்களுக்குமாக ஆராயப்படுகின்றன.