தபால்காரர் கையில் புது செயலி: வாசலில் நிற்கும் நமக்கும் கொஞ்சம் வேலை இருக்கு

என் சித்தி மகன் ஓட்டுநர் தேர்வில் பாஸாகி மூன்று வாரம் ஆகியும் உரிமம் கைக்கு வரவில்லை. டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்தால், தபால் அவன் தெரு வரைக்கும் வந்து, அஞ்சலகத்தில் சில நாள் காத்திருந்து, அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போயிருந்தது. தபால்காரர் வந்த நேரம் வீடு பூட்டியிருக்கிறது. உறையின் மேல் இருந்த கைபேசி எண்ணுக்கு அவர் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது டிரைவிங் ஸ்கூல் ஆள். விண்ணப்பத்தில் அவர்கள் தங்கள் நம்பரையே போட்டிருந்தார்கள், இவனும் கவனிக்கவில்லை. "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று போனை வைத்துவிட்டார்.

தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமத்தையும் வாகனப் பதிவுச் சான்றையும் விரைவுத் தபாலில் மட்டுமே அனுப்பும் முறை 2024 பிப்ரவரி 28 முதல் நடைமுறைக்கு வந்தது. இடைத்தரகர் தலையீடு இல்லாமல், உரியவர் கைக்கே போய்ச் சேரணும் என்பதுதான் நோக்கம். தபால் திரும்பி வந்தால் அலுவலகத்துக்குப் போய் நேரில் வாங்கிக்கொள்ள முடியாது. முகவரியையும் எண்ணையும் திருத்திக் கொடுத்து, தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையும் கொடுத்து, மறுபடியும் தபாலில்தான் வாங்க வேண்டும். இவனுக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு பத்து இலக்க எண் தப்பானதால் வேலைக்குச் சேரவேண்டிய தேதி தள்ளிப்போனது.

இந்தச் சம்பவத்தில் தொழில்நுட்பம் எங்கேயும் பழுதாகவில்லை. ஸ்கேன், குறுஞ்செய்தி, டிராக்கிங் எல்லாமே ஒழுங்காகத்தான் நடந்தன. தப்பான எண்ணைக் கொடுத்தோம், அது தப்பான எண்ணுக்கே விசுவாசமாக வேலை செய்தது. கடந்த ஒரு வருஷத்துக்கு மேலாக அஞ்சல் பட்டுவாடாவில் வந்திருக்கும் மாற்றங்களைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பின்கோடு எங்கே நிற்கும்?

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. ஆறு இலக்கம். 6 என்று ஆரம்பித்தால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு பக்கம். முதல் மூன்று இலக்கங்கள் தபாலை எந்தப் பகுதிக்குப் பிரித்து அனுப்பணும் என்று சொல்லும். சென்னை என்றால் 600. கடைசி மூன்று, எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்யணும் என்பதற்கு. அவ்வளவுதான். அஞ்சலக வாசலோடு பின்கோட்டின் வேலை முடிந்துவிடும்.

அங்கிருந்து உங்கள் வீட்டுக் கதவு வரைக்கும் இருக்கிற தூரம் இத்தனை வருஷமாகத் தபால்காரரின் தலைக்குள்தான் இருந்தது. சென்னைக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். பழைய எண் 14, புதிய எண் 31. அடுத்த வீட்டில் பழைய எண் 31. ஒருத்தர் பழசை மட்டும் எழுதுவார், இன்னொருத்தர் புதுசை மட்டும் எழுதுவார், மூன்றாமவர் "பிள்ளையார் கோயில் எதிரில்" என்று முடித்துவிடுவார். அந்த பீட்டில் பத்து வருஷம் நடந்தவருக்கு இது பிரச்சினையே இல்லை. அவர் லீவு போட்டு, புது ஆள் அந்தப் பக்கம் போனால்தான் தெரியும்.

ஒரே நாளில் மாறியது இல்லை

அஞ்சல் துறையின் புதிய மென்பொருள் அமைப்பு 2025 ஆகஸ்ட் 4 அன்று நாடு முழுவதும் வந்தது. மைசூரில் உள்ள துறையின் சொந்தத் தொழில்நுட்ப மையம் உருவாக்கியது இது. முதலில் கர்நாடகத்தில் சோதித்துப் பார்த்து, பிறகு மற்ற வட்டங்களுக்கு விரித்தார்கள். பழைய கணக்கிலிருந்து புதியதுக்கு மாறுவதற்காகப் பல அலுவலகங்களில் ஒரு நாள் பரிவர்த்தனையையே நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் 4.6 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரு தடவை கற்றுக்கொடு, மறுபடி கற்றுக்கொடு, நடுநடுவே நினைவூட்டு என்பது அந்தப் பயிற்சியின் தாரக மந்திரம்.

இந்த "மறுபடி" எவ்வளவு முக்கியம் என்பது, சென்னையில் ஒரு துணை அஞ்சலகத்தில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பை பிரித்து, பீட் வாரியாகத் தபாலை அடுக்கி, கையெழுத்து வாங்க வேண்டியதை எல்லாம் தனியே எடுத்து ஸ்கேன் செய்கிறார்கள். ஓய்வு பெற இன்னும் சில வருஷமே இருக்கும் ஒரு தபால்காரர், பக்கத்து மேஜையில் இருந்த இளைஞரிடம், "தம்பி, இதை அமுக்கினா திரும்ப மாத்த முடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் செயலி தெரியாமல் இல்லை. பயம் வேறு. முன்பெல்லாம் சுற்றி முடித்து அலுவலகம் திரும்பி, நோட்டைப் பார்த்து நிதானமாகக் கணக்கு ஒப்படைப்பார். தவறு இருந்தால் அங்கேயே சரியாகிவிடும். இப்போது வாசலில் நின்று ‘பட்டுவாடா ஆயிற்று' என்று அமுக்கினால், அனுப்பியவருக்குக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. தவறான பொத்தானை அமுக்கினால் அதுவும் தெரிந்துவிடும்.

அந்த இளைஞருக்குச் செயலி தண்ணி பட்ட பாடு. ஆனால் அவருக்கு எந்தச் சந்தில் எந்த வீடு என்று தெரியாது. "அந்த அட்ரஸ் மாடிப்படி பக்கவாட்டுல இருக்கும், முன்னாடி தேடாதே" என்று பெரியவர் பதிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பறையில் ஒரு நாள் காட்டிய திரையைவிட, தினமும் காலையில் நடக்கும் இந்தப் பத்து நிமிஷ கொடுக்கல் வாங்கல்தான் நிஜமான பயிற்சி என்று நினைக்கிறேன். எந்தத் துறையில் பட்டுவாடாக் குழுவுக்குப் புதுக் கருவி கொடுத்தாலும், இப்படி ஜோடி சேர்த்துவிடுவதற்கு நேரம் ஒதுக்கினால் பாதி சிக்கல் தீரும்.

மீதிச் சிக்கல் சின்னச் சின்னது, பயிற்சிக் கையேட்டில் வராதது. மதிய வெயிலில் திரை தெரியாது. வியர்வை விரலுக்குத் தொடுதிரை நகராது. ஒரு கையில் கட்டு, ஒரு கையில் போன், வாசலில் நாய். மழை வந்தால் தபாலைக் காப்பாற்றுவதா, போனைக் காப்பாற்றுவதா? அந்த நேரத்தில் நாம் "என்னங்க இவ்ளோ நேரம்" என்று கேட்கிறோம்.

டிஜிபின் என்றால் என்ன?

2025 மே மாதம் அஞ்சல் துறை வெளியிட்ட இந்த முகவரிக் குறியீடு, ஐதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்க உதவியது. பத்து எழுத்து, எண் கொண்ட குறியீடு. கணக்கு எளிமையானது. இந்தியா முழுவதையும் உள்ளடக்கி ஒரு பெரிய சதுரம் போட்டு, அதை நாலுக்கு நாலு என 16 கட்டமாகப் பிரிக்கிறார்கள். உங்கள் வீடு எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதன் குறிதான் முதல் எழுத்து. அந்தக் கட்டத்தை மறுபடி 16 ஆக்கினால் இரண்டாவது எழுத்து. இப்படிப் பத்து முறை பிரித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர், அதாவது ஒரு அறை அளவு இடம். அதில் உங்கள் பெயரோ, குடும்ப விவரமோ எதுவும் கிடையாது. அது வெறும் இடம் மட்டுமே.

அஞ்சல் துறையின் ‘உங்கள் டிஜிபின்னை அறியுங்கள்' இணையப் பக்கத்தில், கைபேசியின் இருப்பிட வசதியை ஆன் செய்து எடுத்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு விஷயம். வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு எடுக்காதீர்கள். கைபேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டுவது சகஜம். கட்டமே 4 மீட்டர்தான் என்பதால், குறியீடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். வெளியே வந்து, வானம் தெரிகிற மாதிரி கேட்டுக்கு முன்னால் நின்று எடுங்கள். அடுத்து, டிஜிபின்னுக்கு உயரம் தெரியாது. ஐந்து மாடிக் குடியிருப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரே குறியீடுதான் வரும். அதனால் மாடி, கதவு எண் இரண்டையும் எழுதியே ஆகணும். பின்கோட்டையும் விட்டுவிடாதீர்கள். டிஜிபின் அதற்கு மாற்று இல்லை, கூடுதல் விவரம்தான்.

ஓ.டி.பி. யாரிடம் சொல்லணும்?

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்று தனியாக ஒன்று இல்லை, விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். அக்டோபர் 1 முதல் விரைவுத் தபாலில், அனுப்புபவர் ஜி.எஸ்.டி. போக 5 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் ஓ.டி.பி. முறையில் பட்டுவாடா செய்யச் சொல்லலாம். வாங்குபவர் அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் தபால் கை மாறும். உரியவரிடமே பதிவு செய்து சேர்க்கும் வசதிக்கும் அதே 5 ரூபாய்தான். சொத்துப் பத்திர நகல், சான்றிதழ் மாதிரி விஷயங்களை ஊருக்கு அனுப்பும்போது இந்தச் செலவு வீண் இல்லை.

ஆனால் ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பார்சல் அனுப்பிவிட்டு உங்கள் நம்பரைப் போட்டால், எண் உங்களுக்கு வரும். நீங்கள் அலுவலகக் கூட்டத்தில் போனை சைலன்ட்டில் வைத்திருப்பீர்கள், தபால்காரர் அம்மா வீட்டுத் திண்ணையில் காத்திருப்பார். அம்மாவின் நம்பரைப் போட்டு, "ஒரு எண் வரும், தபால்காரர் வந்து நின்னா மட்டும் சொல்லு" என்று முந்தின நாளே சொல்லி வைப்பது நல்லது.

இந்த "வந்து நின்னா மட்டும்" என்பதை அழுத்திச் சொல்லணும். "உங்கள் பார்சல் முகவரி தவறால் நின்றுவிட்டது, உடனே இந்த லிங்கில் திருத்துங்கள்" என்று அஞ்சல் துறை பெயரில் குறுஞ்செய்தி வருகிறதே, அது மோசடி. மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே அதைப் போலி என்று எச்சரித்திருக்கிறது. போனில் யாராவது ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். தபாலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் நிற்பவரிடம் மட்டும் சொல்லுங்கள். லிங்கைத் தொட்டுப் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தபால் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, ரசீதில் உள்ள 13 இலக்கக் குறியீட்டை அஞ்சல் துறை இணையதளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். விசாரிக்க 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

உரிமத்துக்கோ, பதிவுச் சான்றுக்கோ விண்ணப்பித்திருக்கிறீர்களா? ஒப்புகைச் சீட்டில் இருக்கும் கைபேசி எண் உங்களுடையதுதானா என்று இன்றைக்கே பாருங்கள். வேறு யாருடையதாவது இருந்தால், தபால் கிளம்புவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள். டிரைவிங் ஸ்கூலோ, கணினி மையமோ நிரப்பிக் கொடுத்த படிவம் என்றால் கட்டாயம் பாருங்கள். பழைய எண், புதிய எண் இரண்டும் தெரிகிற மாதிரி கேட்டில் ஒரு பலகை மாட்டினாலும் நல்லது. என் சித்தி வீட்டில் இப்போது மாட்டிவிட்டார்கள். உரிமம் இரண்டாவது தடவை வந்தபோது சித்தி மகன் வீட்டில்தான் இருந்தான்.